கருவாட்டுக்குத் தெரிந்த குரல்

தவசி ஐஸ்கிரீம் தின்னக்கூடாது. குளிர்ந்த தண்ணீர் குடிக்கக்கூடாது. மழையில் நனையக்கூடாது, கத்தக்கூடாது, முக்கியமாக வாய்விட்டு அழக்கூடாது. அழுதால் தொண்டை கட்டிக்கொள்ளும். தொண்டை கட்டிக்கொண்டால் கம்பம் ஊருக்கு மேலே மலையில் இருந்த அந்த முகாமில் எல்லா வேலையும் நின்றுபோகும். ஒரு பொடியனின் தொண்டையை நம்பி ஒரு கம்பெனி நடக்கிறது என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். முகாமில் யாரும் சிரிக்கவில்லை. பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பாலை அவன் குடித்து முடிக்கும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

அந்தத் தொண்டைக்கு மட்டும்தான் ஒரு டிராகன் கட்டுப்பட்டது. விஷயம் அவ்வளவுதான்.

டிராகன் என்றதும் கோட்டையையும் இளவரசியையும் தேட வேண்டாம். இது வேலைக்காகச் செய்யப்பட்ட மிருகம். மலைப் புல் கோடையில் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி விழுந்தால் காடே போய்விடும். அதனால் கோடைக்கு முன்பே புல்லைப் பட்டை பட்டையாக எரித்து வெறும் தரையாக்கி வைப்பார்கள். தீ வந்தால் அந்தப் பட்டையைத் தாண்டாது. ஆள் ஏற முடிகிற இடத்தில் ஆள் எரிக்கலாம். செங்குத்துப் பாறைச் சரிவில் யார் ஏறுவது? ஏறியவர்களில் சிலர் இறங்கி வரவேயில்லை. டிரோன்களை மலைக்காற்று பிடித்துப் பாறையில் அடித்தது. கடைசியில் ஒரு கம்பெனி, பறக்கவும் தெரிந்து நெருப்பும் வைக்கத் தெரிந்த ஒன்றை முட்டையிலிருந்தே செய்து தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டது. உடும்பில் பாதி, வௌவாலில் பாதி, இன்னும் எதிலிருந்தோ கொஞ்சம்.

அதன் வயிற்றில் எப்படி நெருப்பு வருகிறது என்று தவசி கேட்டபோது டாக்டர் பெனிட்டா விளக்கினார். அவர் நாகர்கோவில்காரர், முகாமின் கால்நடை மருத்துவர். 

"ஊர்ல சாண கேஸ் அடுப்பு பாத்திருக்கேல்லா மக்களே? சாணி தொட்டிக்குள்ள கெடந்து புளிச்சா கேஸ் வரும், பத்த வச்சா எரியும். இதுக்கு வயித்துக்குள்ளயே தொட்டி. பல்லு ரெண்டையும் தட்டுனா பொறி வரும். அம்புட்டுதான்."

நம்ம கேண்டீன் சாப்பாட்டை ஒரு வாரம் தின்றால் எவனுக்கும் அது வரும் என்று தவசியின் அப்பா பவுன்ராஜ் முணுமுணுத்தார். அவர் முகாமின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவர். கேண்டீனில் சமைப்பவர் அவருடைய மனைவி செல்வராணி. அன்றைக்குப் பவுன்ராஜுக்கு மறுசோறு விழவில்லை.

டிராகன் தவசியிடம் வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் குளிர். முட்டைகளை வைத்திருந்த கொட்டகை ஒன்றுதான் அந்த மலையிலேயே கதகதப்பான இடம். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெளியே கேட்கும் சத்தத்தைப் பழகிக்கொள்ளும், பொரிந்ததும் அந்தச் சத்தத்தின் பின்னால்தான் போகும் என்பதால், பயிற்சியாளர் ஒருவர் தினமும் வந்து முட்டைகளின் பக்கத்தில் ஒரு விசிலை ஊதிவிட்டுப் போவார். அவர் போன பிறகு, ஹீட்டரைப் பார்க்க வரும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுத் தவசி உள்ளே வருவான். முகாமில் வேறு குழந்தை கிடையாது. பேச ஆள் வேண்டும். ஓரத்தில் இருந்த முட்டையின்மேல் வாயை வைத்து, இன்றைக்கு அம்மா என்ன குழம்பு வைத்தாள், அட்டை எங்கே கடித்தது, அப்பா ஏன் திட்டு வாங்கினார் என்று எல்லாக் கதையையும் சொல்வான். பிள்ளை ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று பவுன்ராஜும் விட்டுவிட்டார்.

மற்ற முட்டைகள் கெட்டுப்போயின. ஓரத்து முட்டை மட்டும் பொரிந்தது. பயிற்சியாளர் கன்னம் உப்ப விசில் ஊதினார். குஞ்சு ஈரச் சிறகுகளை இழுத்துக்கொண்டு அவருடைய செருப்பின்மேல் ஏறி இறங்கி, அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் நின்று "என்னப்பா இது" என்று கேட்டுக்கொண்டிருந்த தவசியின் காலடியில் வந்து விழுந்தது. கருவாடு மாதிரி நாறுது என்று மூக்கைப் பொத்தினாள் செல்வராணி. கம்பெனிக் காகிதங்களில் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு பெயர் இருந்தது. முகாமில் அது கருவாடுதான்.

மேலிடம் பவுன்ராஜைப் பிடி பிடி என்று பிடித்தது. பிறகு வேறு வழியில்லாமல் விசில்காரரை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வயதுப் பையனுக்கு அடையாள அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டியது.

அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. டிராகன் காதில் தவசியின் குரலைத் தவிர வேறு குரல் விழக்கூடாது. அவனும் அதுவும் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் கையால்தான் பேசிக்கொள்ள வேண்டும். நாளாக நாளாக அது பழக்கமாகிவிட்டது. டிராகன் இல்லாத இடத்திலும் தவசியின் தலை தெரிந்தால் பேச்சு தானாக நின்றது. கேண்டீனில் கலகலவென்று சத்தம் கேட்கும். அவன் வாசலுக்கு வந்ததும் எல்லோரும் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் தன்னைக் கண்டால் ஊரே வாயை மூடிக்கொள்கிறது என்பது ஒரு குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடம் கிடையாது, சளி பிடித்த பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கம்பெனி அவனை விடாது. பாடம் டேப்லெட்டில் வந்தது. ஒரு தடவை சமையல் உதவிக்கு வந்த பெண் தன் மகளையும் கூட்டி வந்தாள். அந்தச் சிறுமி தவசிக்கு ஒரு கொய்யாப் பழத்தில் பாதி கொடுத்து, நீ என்ன ஊமையா என்று கேட்டாள். அவன் பதில் யோசிப்பதற்குள் அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

அதனால் அவன் பேசியதெல்லாம் கருவாட்டிடம்தான். அது ஆளுயரம் வளர்ந்தது, பிறகு ஜீப் அளவுக்கு வளர்ந்தது. மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் சுருண்டு படுத்திருக்கும். அவன் அதன் வயிற்றில் சாய்ந்துகொள்வான். உள்ளே கடகடவென்று ஏதோ ஓடும் சத்தம் முதுகில் கேட்கும். வாய்ப்பாடு சொன்னால் அது தூங்கிவிடும். கதை சொன்னால் விழித்திருக்கும். அவன் சொல்வதை நிறுத்தினால், தொண்டைக்குள் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் எழுப்பும். இன்னும் சொல் என்று அர்த்தம். உலகத்தில் அவனைப் பேசு என்று கேட்ட ஒரே ஜீவன் அதுதான். அதன் முதுகில் ஏறி மேகத்துக்குள் பறந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அதன் முதுகெலும்பு ஒரு பிள்ளையின் பாரத்தைத் தாங்காது என்று பெனிட்டா முதலிலேயே சொல்லிவிட்டார். அவர்கள் ஒளிந்து விளையாடினார்கள். அவன் புல்லுக்குள் படுத்துக்கொண்டு "எங்க இருக்கேன்" என்பான். அது கண்டுபிடித்து வந்து மோவாயால் அவனை உருட்டிவிடும்.

வேலைக்கு என்று சில சொற்களைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். வா. நில்லு. பத்த வை. போதும். முதன்முதலாக மலைமுகட்டுக்கு அனுப்பும் நாளில், சரிவைக் கை காட்டி "போ" என்று சொல்லும்படி எழுதிக் காட்டினார் வெளியூர் அதிகாரி. தவசி வாயைத் திறந்தான். அதற்குள் கேண்டீன் வாசலிலிருந்து, சட்டத்தையெல்லாம் மறந்து, செல்வராணியின் குரல் வந்தது.

"வெளிய கெளம்புறதப் பாத்துப் போன்னு சொல்லாதடா. போயிட்டு வான்னு சொல்லு."

அவன் அப்படியே சொன்னான். கருவாடு போனது, சரிவை எரித்தது, வந்தது. அதிகாரிக்கும் திருப்தி, திரும்பி வருவதுதானே வேண்டும். அந்தச் சொல்லில் ஒரு குறை இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. படியிறங்கும் யாரையும், சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவரைக்கூட, போ என்று அனுப்பிப் பழகாதவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு எல்லாக் கோடையிலும் அந்தப் பிள்ளைக்குரல் போயிட்டு வா என்றது, அந்த மிருகம் போயிட்டு வந்தது.

பிறகு தவசிக்கு மீசை அரும்பியது. ஒரு காலையில் அம்மாவைக் கூப்பிட்டபோது வேறு யாரோ கூப்பிட்டது போலிருந்தது. மகரக்கட்டு உடைகிறது என்று பவுன்ராஜ் சந்தோஷமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்குக் கருவாட்டின் நினைவு வந்தது. செல்வராணி பாலில் மிளகை இரட்டிப்பாகப் போட்டாள். மிளகால் ஆகிற காரியமா அது? முதலில் கருவாடு தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. அவன் மெனக்கெட்டுக் குரலை மெலிதாக்கினால் வந்தது. பிறகு ஒருநாள் அவன் கொட்டகைக்குள் போய் "வா" என்றபோது அது பின்வாங்கி, உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. புது ஆட்களிடம் மட்டும்தான் அது அப்படிச் செய்யும். பெனிட்டா அவனைப் பின்னாலிருந்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

"என் மூஞ்சி தெரியலயா அதுக்கு?" என்று கேட்டான்.

"அதுக்குக் கண்ணு தூரத்துக்குத்தான் மக்களே. முகடு தெரியும், பொகை தெரியும். ஆளு எங்க நின்னாலும் அதுக்கு வெறும் நெழலு."

"வாசம்?"

"பொகையில கெடந்து மூக்கு எப்பமோ போச்சு. அதுக்கு ஆளுன்னா கொரலுதான். அந்தக் கொரலு இப்பம் உன்கிட்ட இல்ல."

கம்பெனி இதை எதிர்பார்த்துத்தான் இருந்தது. பிள்ளைகள் வளர்வார்கள் என்பது அவர்களுக்கும் தெரியுமே. உத்தமபாளையத்துக்காரன் இர்ஃபான் ஒலிப்பதிவுக்கென்றே வேலையில் இருந்தான். தவசி கருவாட்டிடம் பேசிய ஒவ்வொரு வருஷத்துப் பேச்சையும் பிடித்து வைத்திருந்தான். முற்றத்தில் ஒரு கம்பம் நட்டு, திருவிழாவில் கட்டுவது போன்ற ஒரு குழாய் ஒலிபெருக்கியை அதில் பொருத்தினார்கள். அறைக்குள் அந்தப் பதிவுகளை ஒலிக்கவிடும் ஒரு பெட்டி. அந்தக் குரல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் நெருப்பு இருக்கிறது என்பதால், வேறெங்கும் நகல் போகக்கூடாது என்று மேலிடத்தின் கண்டிப்பான உத்தரவு.

பெட்டியை முதன்முதலாக இயக்கிய அன்று தவசி கம்பத்தின் அடியில்தான் நின்றான். "கருவாடு, வா" என்று ஒலிபெருக்கியிலிருந்து ஏழு வயதுத் தவசி கூப்பிட்டான். கொட்டகைக்குள்ளிருந்து அது விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தது. நிற்கும் தவசியைச் சுற்றிக்கொண்டு போய், கம்பத்தில் நெற்றியை வைத்துத் தேய்த்தது. ‘டக் டக்’ என்றது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பது போலிருந்தது. தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்படுகிற கொடுமை எந்தப் பிள்ளைக்கும் வரவேண்டாம். தவசி அன்று சாப்பிடவில்லை.

தொண்டைக்கு விடுதலை வந்தது. பவுன்ராஜ் கம்பம் ஊரிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வைத்து ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு, பல் கூசுகிறது என்று வைத்துவிட்டான். ஜூன் மாதம் கீழே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகப் பேச்சு. முகாமில் எல்லோரும் இப்போது அவனிடம் பேசினார்கள். என்ன தவசி, எப்படி இருக்க என்றார்கள். நல்லா இருக்கேன் என்பான். அதற்கு மேல் எப்படிப் பேச்சைக் கொண்டுபோவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பதில் சொல்கிற யாரிடமும் அவன் அதுவரை அதிகம் பேசிப் பழகியதில்லை. கருவாட்டைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். கிட்டே போனால் பல்லைக் காட்டும். அதைப் பார்க்க அவனால் முடியாது.

இதற்கு நடுவில், எந்தக் காற்றுக்கும் அசையாத டிரோன்களை வேறொரு கம்பெனி செய்துவிட்டது. அவற்றுக்குப் பாலும் வேண்டாம், மிளகும் வேண்டாம். கருவாட்டின் ஒப்பந்தம் முடிந்தது, முகாமை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இந்தச் செய்தி தவசிக்குத் தெரியாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். பேசாமலிருக்கத்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரியுமே. பெனிட்டாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தவனிடம் போய் உட்கார்ந்தார்.

செய்த மிருகத்தைக் காட்டில் விட விதியில்லை, நெருப்பு வைப்பதை எந்த மிருகக்காட்சி சாலையும் வாங்காது, மேலிடத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள், ஊசி போடப் போகிறோம் என்று சொன்னார். சொல்லிமுடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வலிக்காது மக்களே. பெட்டியில கூப்பிடுவோம். வந்து படுக்கும். அப்பம் ஒரு ஊசி, அம்புட்டுதான்."

"என் குரல்லயா கூப்பிடுவீங்க?"

பெனிட்டா ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

"விட்டா காட்டக் கொளுத்திருமா டாக்டர்?"

"கொளுத்தாது. நீ சொல்லாம ஒருநாளும் அது பல்லத் தட்டுனது இல்ல. சொல்ல ஆளில்லன்னா அது ஒரு பெரிய உடும்பு. காட்டுல கெடக்கதத் தின்னுட்டுக் கெடக்கும்."

"அப்ப விட்டுரலாம்ல?"

"விட்டா எங்க போவும்? சாயங்காலம் திரும்பி வந்து நிக்கும். திரும்பி வரதுக்குத்தானே பழக்கிருக்கோம்."

தவசி நேராக இர்ஃபானின் அறைக்குப் போனான். முகாமில் அவனுக்குக் கொஞ்சம் நெருக்கம் என்றால் இர்ஃபான்தான். இத்தனை வருஷம் ஹெட்போனில் அவன் கதைகளை வேறு வழியில்லாமல் கேட்டவன்.

"அண்ணே, கருவாட்டப் போகச் சொல்லணும்."

"எங்கடா?"

"எங்கிட்டாச்சும். திரும்பி வராத மாதிரி."

இர்ஃபான் கதவைச் சாத்திவிட்டு வந்து பெட்டியைத் திறந்தான். தேடினான். வேறு வேறு வருஷத்துப் பதிவுகளில் தேடினான். கதைகள் இருந்தன, வாய்ப்பாடு இருந்தது, தூக்கத்தில் உளறியதுகூட இருந்தது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"நீ ஒரு தடவகூட அதப் போன்னு சொன்னதில்லயேடா தம்பி."

வெட்டி ஒட்டலாம் என்று யோசனை வந்தது. வேறு ஏதோ ஒரு சொல்லிலிருந்து நறுக்கி எடுத்து ‘போ’ என்று ஒரு சத்தத்தை இர்ஃபான் தயார்செய்தான். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மதியத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்து அதை ஒலிக்கவிட்டான். கருவாடு நிழலில் படுத்திருந்தது. தலையைத் தூக்கியது. எழுந்து கம்பத்தின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. மறுபடி ஒலிக்கவிட்டான். இன்னும் நெருங்கி வந்து கம்பத்தைச் சுற்றி வாலைப் போட்டுக்கொண்டது. குரல் தெரியும், சொல் தெரியாது. தெரியாத சொல் கேட்டால் குரலுக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும் என்பது முட்டைக்குள் இருந்த நாளிலிருந்து அதற்குத் தெரிந்த ஒரே பாடம். போ, போ என்று அந்தச் சின்னக் குரல் விரட்ட விரட்ட அது கம்பத்தை இறுக்கிக்கொண்டே போனது.

"நிப்பாட்டுங்கண்ணே," என்றான் தவசி.

இர்ஃபான் பெட்டியை அணைத்தான். பிறகு தவசிதான் கேட்டான். கருவாடு தூரமாகப் போயிருக்கும்போது இந்தக் குரல் மொத்தமும் அழிந்துவிட்டால் என்ன ஆகும்? கூப்பிடாமல் அது தரையிறங்கியதே இல்லை. தேடும். தேடித் தேடிக் கிடைக்காவிட்டால் போய்விடும்தானே.

இர்ஃபான் அவனையே பார்த்தான். தன் வேலை போய்விடும் என்றான். பிறகு, முகாமே போகப் போகிறது, இதில் என் வேலை என்ன தனியாகப் போவது என்று தானே சிரித்துக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு யோசிச்சுக்கடா. அழிச்சுட்டா அழிச்சதுதான். நீ சின்னப் பிள்ளையில பேசுனது ஒரு சொல்லுகூட மிஞ்சாது. உனக்கே ஆசப்பட்டாக்கூட கேக்க முடியாது."

"எனக்கு எதுக்குண்ணே," என்றான் தவசி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், மேலிடத்து வண்டி மலையேறுவதற்கு முன்பே, இர்ஃபான் ஒலிபெருக்கியின் வாயை மேற்கே கேரளத்துப் பக்கம் திருப்பி வைத்தான். குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் போகப் பழகியிருந்தது கருவாடு. மேற்கில்தான் காடு அடர்த்தி, ஆள் நடமாட்டமும் இல்லை. பெட்டியில் எந்தப் பதிவைப் போடுவது என்று கேட்டான். தவசி ஆறு வயதில் பேசியதைப் போடச் சொன்னான்; அதில்தான் அவன் பல் விழுந்திருந்த சமயத்துக் குரல் இருந்தது.

"கருவாடு, போயிட்டு வா."

அது சிறகை உதறி எழும்பியது. முதல் முகட்டைத் தாண்டியது, அடுத்ததையும் தாண்டியது. இர்ஃபான் பெட்டியிலிருந்து குரல் பதிந்திருந்த சின்ன மெமரி அட்டையைப் பிடுங்கி தவசியின் கையில் கொடுத்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழிக்க உட்கார்ந்தான். தவசி கேண்டீனுக்குப் போய் அதை விறகடுப்புக்குள் போட்டான். பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம் வந்தது. செல்வராணி அவனையும் பார்த்தாள், அடுப்பையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு கட்டையை எடுத்து அதன்மேல் தள்ளிவிட்டாள்.

மேலிடத்து அதிகாரியும், ஊசித் துப்பாக்கியோடு ஒருவனும் வந்து இறங்கினார்கள். பெட்டி ஊமையாக இருந்தது. மின்சாரம் எகிறி அட்டை எரிந்துவிட்டது என்று பவுன்ராஜ் சத்தியம் செய்தார். அதிகாரி இர்ஃபானைத் திட்டித் தீர்த்துவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எப்படியும் அது இங்கேதான் வரும், வந்து இறங்கினால் முடித்துவிடலாம் என்றார். பறக்கும்போது சுடக்கூடாது என்று பெனிட்டா கண்டிப்பாகச் சொன்னார். வயிறு நிறைய கேஸ். காய்ந்த புல்லில் விழுந்து வெடித்தால் இருக்கிற மலையும் எரியும். தரையைத் தொட்டால்தான். சரி, தொடட்டும் என்றார் அதிகாரி.

வெயில் சாய்ந்த நேரத்தில் அது வந்தது.

முகாமின்மேல் வட்டமடித்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கருவாடு வந்தால் பேசக்கூடாது என்று இத்தனை வருஷம் பழகிய பழக்கம். துப்பாக்கிக்காரன்கூட மூச்சை அடக்கிக்கொண்டான். அந்த அமைதியில் மேலேயிருந்து ‘டக் டக்’ என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. சொல்லு, சொல்லு என்று கேட்டுக்கொண்டே அது கம்பத்தின்மேல் தாழப் பறந்தது. ஒலிபெருக்கியின் வாய்க்கு நேராக ஒரு கணம் சிறகடித்து நின்றது. மறுபடி உயர்ந்தது, கொட்டகையைச் சுற்றியது, புல்வெளியைச் சுற்றியது. அவர்கள் ஒளிந்து விளையாடிய இடத்தின்மேல் இன்னொரு தடவை சுற்றியது. அதற்கு யாருமே இல்லை என்பது கீழே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. பெனிட்டா திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

தவசி கேண்டீன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். உதட்டைப் பல்லால் கடித்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். அது போய்விடும், பிழைத்துவிடும். அவன் போட்ட திட்டம் அதுதான், அதுவரை எல்லாம் திட்டப்படிதான் நடந்தது.

கருவாடு கடைசியாக ஒரு சுற்று சுற்றிவிட்டு மேற்கே திரும்பியது.

அந்த முதுகைப் பார்த்ததும் அவனால் முடியவில்லை. சுவரை விட்டு முற்றத்துக்கு ஓடினான். "கருவாடு, வா" என்று கத்தினான். "வாடா, வா, நான்தான், வா." பாதி கட்டையாகவும் பாதி கீச்சென்றும், எந்த வயதுக்கும் சேராத ஒரு குரல் மலையில் மோதித் திரும்பியது. இர்ஃபான் தலையில் கைவைத்துக்கொண்டான். துப்பாக்கிக்காரன் மண்டியிட்டுக் குறி பார்த்தான். கருவாடு பறந்தபடியே கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தது. தவசி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

கீழே ஒரு நிழல் நின்று யாரோ ஒரு அந்நியனின் குரலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கருவாடு உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. பிறகு இன்னும் உயரமாக எழும்பி, முகட்டைத் தாண்டிப் போய்விட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதிகாரி காத்திருந்து பார்த்தார். அது வரவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, வானம் வெறிச்சென்று ஆனதும், செல்வராணி ஓடிவந்து மகனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எறங்கியிருந்தா என்னடா ஆயிருக்கும்?"

"கொன்னுருப்பாங்க."

"தெரிஞ்சுமாடா கூப்ட்ட?"

தவசி மேற்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்மா," என்றான். "இருந்தாலும் வந்திருக்கலாம்ல."